பெரியவங்களுக்கு சைக்கிள் கத்துக்கொடுக்கிறது: பின்னாடி பிடிக்கணுமா, பெடலைக் கழட்டணுமா? (வியாசர்பாடி)

கல்யாணபுரம்_குழு

வணக்கம். எங்க மகளிர் சுயஉதவிக் குழுவுல 12 பேர் சைக்கிள் கத்துக்கணும்னு முடிவு பண்ணியிருக்காங்க. வயசு 27லேர்ந்து 51 வரைக்கும். ஒருத்தருக்கும் ஓட்டத் தெரியாது.

கையில இருக்கிறது: பிள்ளைங்க பிளஸ் ஒன்ல வாங்கின அரசு சைக்கிள் மூணு (ரெண்டு லேடீஸ், ஒண்ணு பார் வெச்சது), பழைய 20 இன்ச் ஒண்ணு. எல்லாம் மாடிப்படிக்குக் கீழ துருப்பிடிச்சுக் கிடக்கு. இடம் ஒரு சின்ன கிரவுண்டு, பாதி சிமெண்டு, பாதி மண்ணு.

நோக்கம் உடம்பைக் குறைக்கிறது இல்ல. வேலைக்குப் போகணும், மார்க்கெட் போகணும், ரேஷன் வாங்கணும், பிள்ளைய ஸ்கூல்ல விடணும். எத்தனை நாள் ஆகும்? புடவையில முடியுமா? 12 பேருக்கும் பின்னாடி பிடிச்சுக்கிட்டு ஓட ஆள் எங்க தேடுறது?

செயின்கவர்

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: யாரும் பிடிக்க வேணாம்.

சைக்கிள் இடது பக்கம் சாஞ்சா ஹேண்டிலை இடது பக்கமே லேசா திருப்பணும். அப்பத்தான் சக்கரம் உடம்புக்குக் கீழ வந்து நிக்கும். புதுசா ஏறுறவங்க பயத்துல எதிர்ப்பக்கம் இழுப்பாங்க, இல்லன்னா கையை விறைச்சுக்குவாங்க. ரெண்டுலயும் விழுவாங்க. இதை வாயால சொல்லிப் புரிய வைக்க முடியாது, கை தானா கத்துக்கணும். பின்னாடி ஒருத்தர் சீட்டைப் பிடிச்சிருந்தா அந்த வேலையை அவர் கை செஞ்சிடுது, ஓட்டுறவங்க கை சும்மா இருக்குது. விட்டதும் பொத்துன்னு விழுறது அதனாலதான்.

நான் சொல்ற முறையில பெடல் ரெண்டையும் கழட்டிடணும். சீட்டைக் கடைசி வரைக்கும் இறக்கணும். உக்கார்ந்தா ரெண்டு பாதமும் முழுசா தரையில படிஞ்சு, முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கணும். குதிகால் தூக்கினா சீட்டு இன்னும் உசரம்னு அர்த்தம்.

ஏறுறதுக்கு முன்னாடி பிரேக். சைக்கிளுக்கு இடது பக்கம் நின்னு, தள்ளிக்கிட்டே பத்தடி நடந்து, ரெண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவா பிடிச்சு நிறுத்தணும். ஒவ்வொருத்தரும் பத்து தடவையாவது. பெரும்பாலான சைக்கிள்ல வலது கை முன் பிரேக். ஆனா கடையில மாத்திக் கோத்தும் கொடுத்திருப்பாங்க, அதனால ஒவ்வொரு சைக்கிளையும் பிடிச்சுப் பார்த்துக்கணும். இதை விட்டுட்டு மத்ததுக்குப் போனா ஓடுற சைக்கிளைக் காலால தேச்சு நிறுத்தப் பார்ப்பாங்க. நகம் பேந்துடும்.

அப்புறம் உக்கார்ந்த மாதிரியே நடை. ஓட்டக் கூடாது, சீட்டுல உக்கார்ந்து நடக்கணும், அவ்வளவுதான். அலுத்துப் போற அளவுக்கு நடக்கட்டும். அலுப்பு வந்தா பயம் போயிடுச்சுன்னு அர்த்தம். பிறகு எட்டு பெருசா வைக்கணும், அடுத்து ரெண்டு காலாலயும் ஒரே நேரத்துல உந்தித் தூக்கணும். கண்ணு முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. முப்பதடி தள்ளி ஒரு தண்ணி பாட்டிலை வெச்சு அதைப் பார்க்கச் சொல்லுங்க.

காலைத் தூக்கி "ஒண்ணு, ரெண்டு..."ன்னு நிதானமா அஞ்சு எண்ணுற வரைக்கும் நேரா போயி, தரையில கிடக்கிற செருப்பைச் சுத்தித் திரும்பவும் முடிஞ்சா பெடலை மாட்டலாம். அதுக்கு முன்னாடி மாட்டாதீங்க. இங்க அவசரப்பட்டா அடுத்த ரெண்டு நாள் வீண்.

நாள் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் போதும். ஒரு சைக்கிளுக்கு ரெண்டு பேர், பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா மாத்திக்கணும். சும்மா நின்னு பார்க்கிறவங்களும் கத்துக்கிறாங்க. 12 பேரையும் ஒண்ணா இறக்காதீங்க, ஆறு ஆறா பிரிச்சுக்குங்க. முதல்ல சிமெண்டு பக்கம். பொலபொல மண்ணுல சக்கரம் புதைஞ்சு ஹேண்டில் தானா திரும்பும், அதைத் தன் தப்புன்னு நினைச்சுப்பாங்க.

ஸ்பேனர்பதினஞ்சு

பெடல் கழட்றது ஈசி இல்லீங்க. அரசு சைக்கிள் மூணு வருசம் மழையில நின்னிருந்தா பெடல் மரை துருப்பிடிச்சு இறுகியிருக்கும். முந்தின நாள் ராத்திரியே மரையில மண்ணெண்ணெயோ துரு எடுக்கிற ஸ்பிரேயோ விட்டு ஊற வைங்க. 15 நம்பர் ஸ்பேனர், நீளமான கைப்பிடியா இருக்கணும்.

முக்கியம்: வலது பெடல் சாதா மரை, இடது பெடல் உல்ட்டா மரை. ஞாபகம் வெச்சிக்க ஒரே வழி, ஸ்பேனரை மரையில நிமிந்தாப்ல மாட்டி பின் சக்கரத்துப் பக்கம் இழுத்தா ரெண்டுமே லூசாகும், ஹேண்டில் பக்கம் தள்ளினா ரெண்டுமே டைட்டாகும். இது தெரியாம இடது பெடலைத் தப்பா முறுக்கி, பெடல் மாட்டியிருக்கிற கிராங்குக் கையையே நாசம் பண்ணிட்டு வர்றவங்க நிறைய. கழட்டினதும் பெடல் முனையில இடது வலது மார்க் பண்ணிக்குங்க. திருப்பி மாட்டும்போது மரைக்கு கிரீஸ், முதல் மூணு சுத்து கையாலயே. கையால ஏறலன்னா மரை குறுக்கே பிடிக்குதுன்னு அர்த்தம், ஸ்பேனர் போட்டு அமுக்காதீங்க.

எவ்வளவு பண்ணியும் வரலன்னா விட்டுடுங்க. அந்த சைக்கிளை ரெண்டாவது கட்டத்துக்கு வெச்சிக்கலாம். 20 இன்ச்சுக்கு பெடல் கழண்டா அதான் உங்களுக்குத் தங்கம்.

ஏத்துறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாத்துடுங்க.

பிரேக் கட்டை கல்லு மாதிரி ஆகியிருக்கும், வழவழன்னு பளபளக்கும். அது பிடிக்காது, மாத்திடுங்க. பிரேக் கம்பி உறைக்குள்ள துருவோட இருந்தா கையை விட்டாலும் திரும்பி வராது, அதையும் மாத்துங்க.

முன் சக்கரத்தை ரெண்டு முட்டிக்கு நடுவுல இறுக்கிக்கிட்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்க. தனியா சுத்துச்சுன்னா மேல இருக்கிற போல்ட்டு லூசு. பயந்து ஹேண்டிலை முறுக்குறவங்க கையில இது ஆபத்து.

செயினை நடுவுல விரலால தூக்கிப் பாருங்க. அரை இன்ச் ஆட்டம் இருக்கணும். ஒரு இன்ச்சுன்னா கழண்டு விழும், ஆட்டமே இல்லன்னா மிதிக்க முடியாது.

டயர் பக்கவாட்டுல வெடிப்பு விட்டிருந்தா காத்து அடிச்ச உடனே வெடிக்கும். நல்லா இருந்தா டயர்லயே போட்டிருக்கிற அளவுக்கு அடிங்க. அது தெரியலன்னா கட்டைவிரலால அழுத்தினா கொஞ்சம்தான் உள்ள போகணும். காத்து கம்மியா இருந்தா சைக்கிள் கனக்கும், "எனக்கு பலம் இல்ல"ன்னு அவங்க உக்காந்துடுவாங்க. ரெண்டு நாள்ல காத்து இறங்கினா உடனே பஞ்சர்னு முடிவு பண்ண வேணாம். வால்டியூப் இத்துப் போயிருக்கும், முதல்ல அதை மாத்துங்க.

உதிரி மொத்தமா வேணும்னா ரத்தன் பஜார் போயி ஒரே தடவையில வாங்கிட்டு வந்துடுங்க.

பெரம்பூர்_பழசு

இதெல்லாம் வெளிநாட்டு வழி. நம்ம ஊர்ல குரங்கு பெடல், அப்புறம் அரை பெடல் (சீட்டுல ஏறாம இடது பெடல்ல நின்னு போறது), அப்புறம் சீட்டு. இப்படித்தானே ஊரே கத்துக்கிச்சு? 90களின் தொடக்கத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்தப்போ அத்தனை ஆயிரம் பெண்கள் கத்துக்கிட்டாங்க. அங்க யாரு பெடலைக் கழட்டினா?

செயின்கவர்

> யாரு பெடலைக் கழட்டினா?

ஐயா, ஊரே கத்துக்கிச்சுன்னா, பத்து வயசுல கத்துக்கிச்சு. குரங்கு பெடல் குட்டிப் பையனுக்குப் பெரிய சைக்கிள் கிடைச்சப்போ வந்த வழி. பாருக்குக் கீழ காலை நுழைக்கணும், உடம்பை ஒரு பக்கமும் சைக்கிளை மறுபக்கமும் சாய்க்கணும். 45 வயசு இடுப்பு அதுக்கு ஒத்துக்காது, புடவையும் ஒத்துக்காது. அரை பெடல்ல இன்னொரு சிக்கல்: மொத்த எடையும் இடது பெடல்ல. 70 கிலோ ஆள் ஏறினா சைக்கிள் இடது பக்கம் இழுக்கும், அதைச் சரிக்கட்ட வலது பக்கம் சாய்ப்பாங்க. சீட்டுல உக்கார்ந்ததும் அந்தப் பழக்கத்தை மறக்கடிக்கணும்.

புதுக்கோட்டையைச் சொன்னது நல்லது. அங்க மாவட்ட ஆட்சியரா இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிளை எழுத்தறிவு வேலையோடவே சேர்த்து வெச்சாங்க. அதுதான் பெரிய விஷயம். கத்துக்கிட்டவங்களுக்கு உடனே ஓட்டிப் போக ஒரு வேலையும் இருந்துச்சு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினாங்க, முன்னாடி பார்ல குழந்தையை உக்கார வைக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு. அதனால குழுவோட பார் வெச்ச சைக்கிளைத் தூக்கிப் போடாதீங்க. கத்துக்கொடுக்க அது ஆகாது, ஓட்டத் தெரிஞ்ச பிறகு ஆகும்.

பக்கச்சக்கரம் மாட்டலாமான்னு யாராவது கேட்பாங்க. வேணாம். அது சைக்கிளைச் சாயவே விடாது. சாயாத வண்டியில என்ன கத்துக்கிறது?

பெரம்பூர்_பழசு

சரி, எடை விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு, பெடல் கழண்டு வராத சைக்கிளுக்கு அரை பெடல் தவிர வேற வழி இல்ல. லேடீஸ் சைக்கிள்ல பார் இல்லாததால அது சுலபமும்கூட.

செயின்கவர்

ஆமாம், அதுக்கு சரிதான். அஞ்சாறு தடவை மட்டும், தட்டையான இடத்துல.

மடிப்பு

புடவைக் கேள்வியை எல்லாரும் தாண்டிட்டீங்க. பாதிப் பேர் நிறுத்துறது அதுலதான்.

புடவையில ஓட்டலாம். கொசுவத்தைக் கணுக்காலுக்கு நாலு விரல் மேல நிக்கிற மாதிரி தூக்கிச் செருகணும். முந்தானையைச் சுத்திக் கொண்டுவந்து வலது இடுப்புல இறுக்கிச் செருகி, தோள்ல ஒரு ஊக்கு, இடுப்புல ஒரு ஊக்கு. உள்பாவாடை நேரா தச்சதா இருந்தா முட்டி மேல வராது. சுத்தளவு அதிகமா இருக்கணும், இல்லன்னா பாவாடைக்குப் பதிலா லெகின்ஸ். நைலக்ஸ், சிந்தெடிக் வழுக்கிக்கிட்டே இருக்கும். கத்துக்கிற நாள்ல பருத்தி.

சுடிதார்னா துப்பட்டாதான் எமன். கழுத்தைச் சுத்திப் போட்டு ரெண்டு முனையும் பின்னாடி தொங்கினா, ஒரு முனை பின் சக்கரத்துல மாட்டினாலே கழுத்தை இறுக்கிடும். குறுக்கே போட்டு இடுப்புல முடி போடணும், இல்லன்னா பையில வெச்சுடணும். நைட்டியோட வர்றவங்களை விரட்டாதீங்க. உள்ள லெகின்ஸ் போட்டு, நைட்டியை ஒரு பக்கமா முட்டி வரைக்கும் தூக்கி முடிச்சுப் போட்டா போதும். புர்கா போடுறவங்களுக்கு முன்பக்கம் முழுசா பட்டன் வெச்சது நல்லது. கீழ நாலஞ்சு பட்டனை விட்டுட்டு ரெண்டு ஓரத்தையும் பின்னாடி கொண்டுபோய் ஒரு எலாஸ்டிக்ல பிடிச்சுக்கலாம்.

கண்ணாடி வளையல் கழட்டிடணும், விழுந்தா மணிக்கட்டுல குத்தும். ஹவாய் செருப்பு பெடல்ல வழுக்கும், பின்பட்டை வெச்ச செருப்பு வேணும்.

துணி போற இடம் ரெண்டு: வலது பக்கம் செயின், இடது பக்கம் பின் சக்கரக் கம்பி. முழு செயின் கவர் இல்லாத சைக்கிள்ல புடவை ஏறக் கூடாது. பின் சக்கரத்துக்கு ஒரு கைவைத்தியம்: காசிமேட்டுல கிழிஞ்ச நைலான் மீன்வலைத் துண்டு சும்மாவே கிடைக்கும். மட்கார்டு ஓரத்துல ஒரு இன்ச்சுக்கு ஒரு ஓட்டை போட்டு, அங்கேர்ந்து நடு அச்சுப் பக்கம் வரைக்கும் விசிறி மாதிரி இழுத்துக் கட்டணும். தொளதொளன்னு கட்டினா வலையே கம்பியில மாட்டும். விரலால தட்டினா விறைப்பா நிக்கணும்.

பஸ்_பாஸ்

ஒரு சந்தேகம், சண்டை இல்ல. 2021 மே மாசத்துலேர்ந்து சாதாரணக் கட்டண பஸ் பெண்களுக்கு இலவசம். அதே வருசம் பிப்ரவரியில மெட்ரோவும் விம்கோ நகர் வரைக்கும் வந்துடுச்சு. இந்த வெயில்ல, இந்தப் புழுதியில எதுக்கு சைக்கிள்?

மடிப்பு

பஸ் மெயின் ரோட்டுல போகுது. இவங்க போற இடமெல்லாம் குறுக்குத் தெருவுல இருக்கு. ஒரு காலையைப் பாருங்க: பால், ஸ்கூல், ரேஷன், வேலை. நாலும் நாலு திசை, ஒவ்வொண்ணும் ஒரு கிலோமீட்டர், ஒண்ணரை கிலோமீட்டர். இதுக்கு பஸ்ஸே கிடையாது. நடந்தா ஒவ்வொண்ணும் இருபது நிமிஷம், ஷேர் ஆட்டோன்னா ஏறி இறங்குறதுக்கெல்லாம் காசு. அண்ணா நகருக்கோ பாரிஸுக்கோ போக பஸ் இருக்கட்டும், வேணாம்னு யார் சொன்னா?

செயின்கவர்

இதையே நான் பயிற்சிக்குக் கணக்கா எடுத்துக்குவேன். கிரவுண்டுல வட்டம் அடிக்கத் தெரிஞ்சா "கத்துக்கிட்டாச்சு"ன்னு கைதட்டி முடிச்சுடறாங்க. அங்கதான் தப்பு. தன் தெருவுல, தானே ஏறி, தானே நிறுத்தி, ஒரு பையோட வீடு திரும்பினாத்தான் கத்துக்கிட்டதா அர்த்தம்.

அதனால பெடல் மாட்டின பிறகு பாதி நேரம் கிளம்புறதுக்கும் நிக்கிறதுக்கும் மட்டுமே ஒதுக்குங்க. கிளம்ப: பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வலது பெடலை மேல கொண்டுவந்து, கொஞ்சம் முன்னாடி தள்ளி வைக்கணும், கடிகாரத்துல ரெண்டு மணி முள் நிக்கிற மாதிரி. இடது கால் தரையில. பிரேக்கை விட்டு வலது காலால ஒரே அழுத்து. அந்த ஓர் அழுத்துல சைக்கிள் ஆறடி ஓடும், அதுக்குள்ள இடது கால் பெடலுக்கு வந்துடும். பெடல் கீழ இருக்கும்போது கிளம்பப் பார்க்கிறதாலதான் தள்ளாட்டம்.

நிக்க: முதல்ல பிரேக், அப்புறம் உடம்பைச் சீட்டுலேர்ந்து முன்னாடி நகர்த்தி, ஓரத்துப் பக்கம், அதாவது இடது பக்கம் சாஞ்சு இடது கால் ஊணணும். வலது கால் ஊணுற பழக்கம் வந்துட்டா ரோட்டுல வண்டி போற பக்கம் சாய்வாங்க.

கல்யாணபுரம்_குழு

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஒருத்தங்க உயரம் 4 அடி 8 அங்குலம், இன்னொருத்தங்க எடை 85 கிலோ. ரெண்டு பேரும் "எங்களை விட்டுடுங்க"ன்னு சொல்றாங்க. முட்டி வலி இருக்கிறவங்களும் இருக்காங்க.

ஸ்பேனர்பதினஞ்சு

குள்ளமானவங்களுக்கு அந்த 20 இன்ச்தான். 26 இன்ச்ல சீட்டைக் கடைசி வரைக்கும் இறக்கினாலும் கால் எட்டாது. 85 கிலோவுக்கு சைக்கிள் தாங்கும்மா, பயப்பட வேணாம். பின் சக்கரத்துக் கம்பி எல்லாம் இறுக்கமா இருக்கணும், அவ்வளவுதான். ரெண்டு ரெண்டா விரல்ல பிடிச்சு அழுத்திப் பாருங்க, லூசா இருந்தா கடையில சக்கரம் கோட்டம் எடுக்கச் சொல்லுங்க. காத்து மட்டும் டயர்ல போட்டிருக்கிற உச்ச அளவுக்குப் பக்கமா இருக்கட்டும்.

சைக்கிள் ஓட்டி வர்ற முட்டி வலிக்கு ஒரு முக்கிய காரணம் இறக்கின சீட்டு. கத்துக்கிறதுக்கு இறக்கினதை யாரும் திருப்பி ஏத்துறதில்ல, வருசக்கணக்குல மடக்கின முட்டியோடவே மிதிப்பாங்க. தனியா கிளம்பி நிக்கத் தெரிஞ்சதும் வாரம் அரை இன்ச் ஏத்துங்க. குதிகாலைக் கீழ இருக்கிற பெடல்ல வெச்சா கால் நேரா நிக்கிற உயரம் வந்ததும் நிறுத்திக்கலாம். அப்ப தரையில முன்பாதம்தான் படும், பயப்படுவாங்க, அதனாலதான் கொஞ்சம் கொஞ்சமா. சீட்டுக் கம்பியில ஒரு கோடு போட்டிருக்கும், அது வெளிய தெரியுற அளவுக்கு ஏத்தக் கூடாது, உடைஞ்சிடும். அப்புறம் சீட்டு மூக்கு மேல தூக்கியிருந்தா பெண்களுக்கு ரொம்ப வலிக்கும், வெளிய சொல்ல மாட்டாங்க, வர்றதை நிறுத்திடுவாங்க. ஸ்கேல் வெச்சு மட்டமா வைங்க.

மணலி_ரோடு

ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வித்தை கிரவுண்டுலயே வரணும். ஒண்ணு, வலது தோளுக்கு மேல திரும்பிப் பார்க்கிறது. பார்க்கிற பக்கம் ஹேண்டிலும் போயிடும், அதான் ஆபத்து. தரையில ஒரு கோடு போட்டு, பின்னாடி ஒருத்தர் நின்னு விரலைக் காட்டி "எத்தனை?"ன்னு கேக்கணும். கோட்டை விட்டு விலகாம பதில் சொல்லணும். ரெண்டாவது, வலது கையை விட்டு சிக்னல் காட்டுறது.

ரோட்டு ஓரத்தை ஒட்டி ஓட்டச் சொல்லாதீங்க. ஓரத்துலதான் மண்ணு, மழைநீர் வடிகால் மூடி, நிக்கிற ஆட்டோ, திடீர்னு திறக்கிற கதவு எல்லாமே. மூணடி தள்ளி, நேர்கோட்டுல. தெரு முனையில புகுந்து புகுந்து போறதைவிட இதுதான் பின்னாடி வர்றவனுக்குத் தெளிவா தெரியும்.

கண்டெய்னர் லாரி: எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, மணலி ரோடு, மாதவரம் உள்வட்டச் சாலை இதுல எல்லாம் முதல் மூணு மாசம் கால் வைக்கவே வேணாம். எங்கயாவது மாட்டிக்கிட்டா ஒரே ஒரு விதி: டிரெய்லருக்கு இடது பக்கம் நிக்காதே. திரும்பும்போது லாரி முன்பக்கம் அகலமா போகும், பின் சக்கரம் இடது பக்கம் உள்ளே வெட்டிக்கிட்டு வரும். டிரைவருக்கு அந்தப் பக்கம் கீழ தெரியாது. சிக்னல்ல லாரிக்கு இடது பக்கம் இடம் காலியா இருந்தாலும் பின்னாடியே நில்லுங்க.

கொருக்குப்பேட்டை பக்கம் தண்டவாளத்தைத் தாண்டும்போது நேர்குறுக்கா போகணும். சாஞ்சு போனா டயர் பள்ளத்துல சிக்கும். மழை நாள்ல இறங்கித் தள்ளுறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. கணேசபுரம் சுரங்கப்பாதையில தண்ணி நின்னா ஆழம் பார்க்கவே வேணாம், சுத்திப் போங்க.

பெரம்பூர்_பழசு

சுமை பத்தி ஒருத்தரும் சொல்லல. பிளாஸ்டிக் குடத்தை ஹேண்டில்ல தொங்கவிட்டுப் போறதைத் தினம் பார்க்கலாம். ஒரு பக்கமா தொங்குற 15 லிட்டர் தண்ணி ஹேண்டிலை இழுத்துக்கிட்டே இருக்கும், தளும்பும்போது ரெண்டு மடங்கா இழுக்கும். சுமை கேரியர்ல, நடுவுல, இறுக்கிக் கட்டணும், முன்கூடையில மூணு நாலு கிலோவுக்கு மேல வேணாம். பழக முதல்ல ரெண்டு கிலோ மணல் மூட்டை, அப்புறம் அஞ்சு, அப்புறம் பத்து. ரேஷன் அரிசி 20 கிலோவை ஒரே நடையா ஏத்தணும்னு இல்ல, ரெண்டு நடையா போகட்டும். பின்னாடி பாரம் இருக்கும்போது ஸ்டாண்டு எடுக்கிறதுதான் கஷ்டம். ஒரு கை சீட்டுக்குப் பின்னாடி, ஒரு கை ஹேண்டில்ல பிரேக்கோட.

பிள்ளைய ஏத்துறது கடைசி. சும்மா கேரியர்ல உக்கார வெச்சா குதிகால் கம்பியில மாட்டும். கால் வைக்க மிதியும், சக்கரத்துக்குத் தடுப்பும் இல்லாம ஏத்தக் கூடாது. மேல சொன்ன மீன்வலை இங்கயும் உதவும்.

கல்யாணபுரம்_குழு

ஞாயித்துக்கிழமை மதியம் மூணு மணிக்கு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். காலையில தண்ணி வர்ற நேரம், சாயந்திரம் கிரவுண்டுல பசங்க கிரிக்கெட்.

செயின்கவர்

மூணு மணிக்கு சிமெண்டு தரை கொதிக்கும், விழுந்து கையை ஊணினா சுடும். நாலரைக்கு வெச்சுக்கிட்டு பசங்ககிட்ட பாதி கிரவுண்டைக் கேளுங்க. இல்லன்னா காலையில அஞ்சரைக்கு மூணு பேர், தண்ணி பிடிச்ச பிறகு ஏழு மணிக்கு மூணு பேர். வேடிக்கை பார்க்கிற கூட்டமும் காலையில இருக்காது.

ஸ்பேனர்பதினஞ்சு

ஒண்ணு விட்டுப் போச்சு. கடல்காத்துக்கு செயின் சீக்கிரம் துருவேறும். மாசம் ஒருக்கா மண்ணெண்ணெய் துணியால துடைச்சிட்டு மெஷின் ஆயில் சொட்டு சொட்டா விடுங்க. தேங்காய் எண்ணெய் விடாதீங்க, பிசின் மாதிரி ஆகி மண்ணைப் பிடிச்சிக்கும். ஆயில் விட்டதும் மிச்சத்தைத் துடைச்சிடுங்க, இல்லன்னா புடவையில கறை.

மடிப்பு

கறை பட்டா சோப்புக்கு முன்னாடி கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்ச்சு ஊற வைங்க, கிரீஸ் இளகும். அப்புறம் பாத்திரம் தேய்க்கிற சோப்பு.

ஸ்பேனர்பதினஞ்சு

ஆக தேங்காய் எண்ணெய் புடவைக்கு, செயினுக்கு இல்ல 😄 ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி பெடல் கழண்டு வரலன்னா இங்கயே போட்டோ போடுங்க, மரையைப் பார்த்துட்டு சொல்றேன்.